டி.எம். நரம்பியல் வைவா: டௌ கேள்வியில் நான் தோற்றதும் தேறியதும்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. டி.எம். (நரம்பியல் உயர்சிறப்பு மருத்துவப் படிப்பு) தேர்வில் இது இரண்டாவது முயற்சி. தியரி, லாங் கேஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் டிமென்ஷியா (நினைவிழப்பு நோய்கள்) வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, மட்டும் சொல்கிறேன்.

முதல் தடவை எக்ஸாமினர் ஒரு சி.எஸ்.எஃப் (மூளை-தண்டுவடத் திரவம்) ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். அமிலாய்டு 42 (அல்சைமரில் மூளையில் படியும் புரதம்; அதனால் இந்தத் திரவத்தில் குறையும்) குறைவு. பி-டௌ (அல்சைமரில் ஏறும் டௌ புரத வகை) கட்ஆஃபுக்கு, அதாவது நோய் என்று சொல்லும் எல்லைக் கோட்டுக்கு, சற்றே கீழே. "டௌ நார்மல், அல்சைமர் இல்லை சார்" என்றேன். "இதே தாள் அமெரிக்காவில் ஒரு கறுப்பின நோயாளியுடையது என்றால்? அந்தக் கட்ஆஃப் யாரை வைத்துப் போட்டது?" பதில் வரவில்லை. அந்த அரை நிமிடத்தில்தான் என் ஆறு மாதம் போனது என்று இன்றும் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தது, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு. 1,255 பேர், அவர்களில் ஆப்பிரிக்க அமெரிக்கர் 173 பேர்தான். பெட் ஸ்கேனில் (மூளையில் படிந்ததைக் காட்டும் படம்) இரு இனத்தாரிடையே அமிலாய்டு வேறுபடவில்லை. சி.எஸ்.எஃப் டௌ மட்டும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குக் குறைவு, அதுவும் ஏப்போ ஈ-4 (அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வகை) உள்ளவர்களிடம்தான். வெள்ளையரை வைத்துப் போட்ட கோட்டால் அளந்தால் நோய் இருப்பவரையே இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். என் வாயிலிருந்து வந்ததும் அதே பதில்தான். அதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

மறக்கக் கூடாதவை:

- ஒற்றை ஈ-4 (ஒரு பிரதி மட்டும்) இருந்தால் அல்சைமர் வாய்ப்பு எத்தனை மடங்கு (1997 தொகுப்பாய்வு): வெள்ளையர் 3.2, ஜப்பானியர் 5.6, ஹிஸ்பானியர் 2.2, ஆப்பிரிக்க அமெரிக்கர் 1.1. இதைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.
- ரத்தத்தில் பி-டௌ: சிறுநீரகம் பழுதானால் ஏறும், உடல் பருமனில் இறங்கும். கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.
- "இனம்தான் காரணம்" என்று நிறுத்தாதீர்கள். பிபி, சுகர், படிப்பு, ஆய்வுக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

பாடப்புத்தகத்தை மூன்றாவது முறை புரட்டுவதை விட, ஒவ்வொரு மார்க்கர் (நோயைக் காட்டும் அளவு) பக்கத்திலும் "யாரிடம் அளந்தது?" என்று பென்சிலால் எழுதி வையுங்கள். சத்தமாகச் சொல்லிப் படிப்பது என் வழக்கம். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை.

இந்தத் தடவை வேறு எக்ஸாமினர், ஏப்போ ஈ கேள்வி. நைஜீரியாவின் இபதான் நகரில் யொரூபா முதியவர்களிடம் ஈ-4 தொடர்பு வலுவாக இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, மேலே சொல்லுங்க டாக்டர்" என்றார்.