உப்புத் தண்ணீரால் பெரிதான கறை

ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, திருத்துறைப்பூண்டியில் உள்ள எங்கள் வீட்டின் தளத்து விரிசல் வழியே ஒழுகிய மழைத்தண்ணீர், கூடத்துச் சோஃபாவின் இரண்டு இருக்கைகளிலும் கீழே விரித்திருந்த கம்பளத்தின் ஒரு மூலையிலும் இறங்கியிருந்தது. சோஃபாவில் தேநீர் நிறத்தில் இரண்டு வளையங்கள் காய்ந்து கிடந்தன. கம்பளத்தில் ஈரம் போகவில்லை. பூஞ்சை வாடையும் தொடங்கியிருந்தது.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியமே தவறாகிப்போனது. ஆழ்குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து, வளையத்தின் கோட்டை மட்டும் அழுத்தித் தேய்த்தேன். எங்கள் தெருவில் நிலத்தடி நீர் உப்பு. வாளியின் விளிம்பில் வெள்ளை பூக்கும் தண்ணீர் அது. மறுநாள் பழைய வளையத்துக்கு வெளியே சாம்பல் நிறத்தில் இன்னொரு வளையம் எழுந்து நின்றதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. துணி காயும்போது ஈரம் ஓரத்தை நோக்கி நகர்கிறது. தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பையும் அழுக்கையும் அங்கேயே விட்டுவிட்டு ஆவியாகிறது. ஆகையால் கறையை மட்டும் நனைத்தால் கறை இடம் மாறுமே தவிரப் போகாது.

சோஃபா வாங்கிய கடைக்குத் திருவாரூர் வரை பேருந்தில் போனேன். நீர்க்கறைக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, சுத்தம் செய்பவர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள். அவர் ஆறு நாள் கழித்து வந்து, நான் தடுத்தும் கேளாமல், காரமான சோப்புக் கரைசலைக் கம்பளத்தில் வாளியோடு ஊற்றித் தேய்த்து, 1,800 ரூபாய் வாங்கிச் சென்றார். இரண்டாம் நாள் அந்த மூலை முழுவதும் பழுப்பேறிவிட்டது. கம்பளத்தின் அடித்துணி சணல். அளவுக்கு மீறி நனைந்தால் சணலின் சாயம் ஈரத்தோடு மேலேறும், காரம் அதை இன்னும் கருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

வழி காட்டியவர் கடைத்தெருவில் கார் இருக்கைகளுக்குக் குஷன் தைக்கும் பெரியவர். "வட்டத்தை மட்டும் நனைக்காதீங்க டீச்சர், இருக்கை முழுக்கத் தையல்லேருந்து தையல் வரைக்கும் ஒரே மாதிரி நனைங்க. தண்ணி மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும்" என்றார். பேட்டரிக்கு ஊற்றும், உப்பு நீக்கிய தண்ணீரைத்தான் அவர் சொன்னார். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். அதே கடையில் பேட்டரி அமிலமும் விற்பார்கள். ஆகவே தண்ணீர்தானா என்று லேபிளைப் படித்துப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

தண்ணீர் படுவதற்கு முன் இருக்கையின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். 'டபிள்யூ' என்றிருந்தால் தண்ணீர் தாங்கும். 'எஸ்' மட்டும் இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது, உலர்சலவைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்களுடையது 'டபிள்யூ'. ஆனாலும் அடிப்பக்கத்தில் சிறிது தெளித்து, சாயம் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

தெளிப்பானால் இருக்கை முழுவதையும் பனி படிந்தாற்போல் நனைத்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஊறிவிடாமல் பார்த்துக்கொண்டு, பழைய வெள்ளை வேட்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தேன். சாயத்துணி வேண்டாம், அதன் நிறம் ஏறிவிடும். தேய்க்கவும் வேண்டாம். இரண்டாம் முறை நனைத்து ஒற்றியபோதே பழுப்பு வேட்டியில் இறங்கியது. உப்பால் வந்த சாம்பல் வளையம் மட்டும் விடாப்பிடியாக நின்றதால், ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு அதே தண்ணீரில் கலந்து ஒற்றி, மீண்டும் வெறும் தண்ணீரால் ஒற்றினேன். உடனே இரண்டு மின்விசிறிகளை நேராகத் திருப்பி வைத்தேன். இந்தப் பருவத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் தானாகக் காயட்டும் என்று விட்டால் வளையம் திரும்பி வந்துவிடும். மின்சாரம் நிற்காத நாளாகப் பார்த்துத் தொடங்கியது நல்லதாகப் போயிற்று.

கம்பளத்தின் பழுப்புக்கும் அந்த வினிகர்க் கலவையே கைகொடுத்தது. ஆனால் மேல்நூல் மட்டும் நனையும்படி தெளித்து, ஒற்றி, கயிற்றுக் கட்டிலின்மேல் விரித்து, அடியிலும் காற்று படும்படி இரண்டு நாள் உலர்த்தினேன். பழுப்பு முக்கால்வாசி போய்விட்டது. மீதி, உற்றுப் பார்த்தால் தெரிகிறது. சோஃபாவில் வளையம் அறவே இல்லை. அதை என் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

தளத்து விரிசலை மழை விட்டு, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு தை மாதம்தான் பூச முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதுவரை சோஃபா எதிர்ச் சுவரோரம் இருக்கும். விரிசலுக்கு நேர் கீழே ஒரு அண்டாவை வைத்திருக்கிறேன்.