ஊரில்லாத தொகுதி: ஓல்டு சாரமும் சென்னைக் கோட்டை ஆளுநரும்

இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் இரண்டு மைல் தொலைவில் இருக்கும் ஓல்டு சாரம் மேட்டைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அடிவாரத்துச் சிற்றூரான ஸ்ட்ராட்ஃபர்டு சப் காசிலின் தேவாலயத்து முன் சற்று நின்றேன். அதன் கோபுரத்தில், தெருவிலிருந்தே படிக்கக்கூடிய பெரிய எழுத்துகளில், கொடையாளர் தாமஸ் பிட் என்ற பெயரும் 1711 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவரும், 1702இல் நவாப் தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளேயிருந்து தாக்குப்பிடித்தவரும், பிற்காலத்தில் பிரான்ஸ் அரச குடும்பத்துக்குப் போன புகழ்பெற்ற வைரத்தைச் சென்னையில் விலைக்கு வாங்கியவரும் இவர்தாம். நம் ஊர்க் கோட்டையில் பலமுறை கேட்ட பெயரை அங்கே கண்டதும்தான் ஓல்டு சாரம் என்ற பழைய நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன்.

மேட்டின் மீது ஒருகாலத்தில் கோட்டையும் பேராலயமும் ஊரும் இருந்தன. தண்ணீர்த் தட்டுப்பாடு, கடுங்காற்று, படைவீரர்களோடு ஓயாத பூசல் என்று பல காரணங்களால் 1220 வாக்கில் பேராலயத்தார் கீழே ஆற்றங்கரைக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே எழுந்த புதிய நகரமே சால்ஸ்பரி. மக்களும் மெல்ல மெல்ல இறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் 1295இல் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிய ஓல்டு சாரத்தின் உரிமை மட்டும், ஊர் காலியான பிறகும் அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அங்கே வாக்குரிமை மனிதருக்கு உரியதன்று. குறிப்பிட்ட சில பழைய மனைகளுக்கு உரியது. மனைகளை ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதியும் அவருடையதாகிவிடும். தேர்தல் நெருங்கும்போது நம்பிக்கையான ஆட்களின் பெயரில் பத்திரத்தை மாற்றிக் கொடுத்து, வாக்களித்து முடிந்ததும் திரும்ப எழுதி வாங்கிக்கொள்வதே இத்தகைய தொகுதிகளின் நடைமுறையாக இருந்தது. ஓல்டு சாரத்தில் வாக்கெடுப்புக்குக் கட்டடம்கூடக் கிடையாது. வயல்வெளியில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில்தான் அது நடந்தது.

தாமஸ் பிட் இந்த நிலத்தை வாங்கியது 1691இல். ஆளுநராவதற்கு முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் இந்தியாவில் செய்த வணிகத்தால் அவர் செல்வந்தராகியிருந்தார். அன்றிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தொகுதி பிட் குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் இங்கிருந்துதான் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அவரே 1766இல் இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று சபையில் கண்டித்ததைப் படிக்கும்போது, தாம் ஏறி வந்த படியையே பழித்துச் சொல்ல அவருக்கு இருந்த நேர்மையை மதிக்கத் தோன்றுகிறது. அவருடைய மகனான இளைய பிட், பிரதமராக இருந்து 1784இல் இந்தியச் சட்டத்தைக் கொண்டுவந்து கம்பெனியின் ஆட்சியை அரசின் மேற்பார்வைக்குள் நிறுத்தினார்.

1802இல் ஓல்டு சாரம் கேலடன் பிரபுவுக்கு விற்கப்பட்டது. ஆண்டுக்கு எழுநூறு பவுன் வருமானம் தரக்கூடிய நிலத்துக்கு அவர் கொடுத்த விலை 60,000 பவுன் என்கிறார்கள். புல்லுக்கும் மண்ணுக்கும் யாரும் அவ்வளவு பணம் கொடுக்கமாட்டார்கள். விலை முழுவதும் நாடாளுமன்றத்தின் அந்த இரண்டு இடங்களுக்கானது. கேலடன் குடும்பத்தின் செல்வமும் இந்தியாவில் திரட்டியதே. 1770 முதல் 1773 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசையஸ் டூ ப்ரே இவர்கள் வீட்டில் பெண்ணெடுத்தவர். தொகுதியின் கடைசிக்கால உறுப்பினர்களுள் ஒருவரான ஜோசையஸ் டூ ப்ரே அலெக்சாண்டர் அந்த ஆளுநரின் பெயரையே தாங்கியிருந்தார்.

இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. 1831இல் இங்கே பதினொரு வாக்காளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. அதே காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூட இல்லை. கம்பெனியின் உரிமச் சட்டங்கள் நிறைவேறிய சபையும் இதுதான் என்பதால், இந்த அநீதி நம் முன்னோரையும் தொட்டது.

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஐம்பத்தாறு தொகுதிகளை அடியோடு நீக்கியது. ஓல்டு சாரம் அவற்றுள் ஒன்று. மான்செஸ்டருக்கு அதே சட்டத்தால் இரண்டு இடங்கள் கிடைத்தன. வாக்கெடுப்பு நடந்த எல்ம் மரம் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வயலில் நின்றிருந்தது.