கேஸ் ஷீட்டில் ஒரு 20

நவம்பர் 27

நைட் டியூட்டி, முதல் நாள். 38 நோயாளிகள், நாங்கள் இருவர். மழை என்றால் இளைப்பு, இளைப்பு என்றால் எங்கள் வார்டு.

ஜன்னல் சண்டை தொடங்கிவிட்டது. கோடிப் படுக்கைத் தம்பிக்கு மூன்று வாரமாக இருமல், மாலையானால் காய்ச்சல், பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறான். சளிப் பரிசோதனை நாளைக்குத்தான். தனி அறை காலியில்லை. என் கையில் இருப்பது ஒரு ஜன்னலும் ஒரு முகக்கவசமும். கவசத்தை மாட்டிவிட்டு அவனை ஜன்னலோரம் மாற்றி, கதவுகளை விரியத் திறந்துவைத்தேன். பத்து நிமிடத்தில் யாரோ சாத்திவிட்டார்கள். திறந்தேன். சாத்தினார்கள். சாரல் அடிக்கிறதாம். காசநோய்க் கிருமி அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பையனை வார்டே ஒரு மாதிரி பார்க்கும். "பெரிய டாக்டர் திறந்துவைக்கச் சொன்னார்" என்று பொய் சொன்னேன். உடனே அடங்கினார்கள். நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் அடங்கியிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 28

14ஆம் படுக்கைப் பாட்டிக்கு ஆக்ஸிஜன் 2 லிட்டரில் வைத்துவிட்டுத் திரும்பினால் 8இல் நிற்கிறது. மகன் திருகியிருக்கிறார். குறைத்தேன். முறைத்தார்.

நவம்பர் 29

மறுபடியும் 8. இந்த முறை பாட்டி தட்டித் தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. விரலில் மாட்டிய கருவியில் ரத்த ஆக்ஸிஜன் 98. மகன் முகத்தில் அவ்வளவு திருப்தி. "பார்த்தீர்களா சிஸ்டர், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்." எனக்கு அடிவயிறு கலங்கியது. அது தூக்கம் இல்லை. நாற்பது வருடம் விறகு அடுப்பு ஊதிய நுரையீரல். கெட்ட காற்று உள்ளேயே தங்கிப் பழகிவிட்டது. அளவுக்கு மேல் ஆக்ஸிஜன் போனால் அந்தக் கெட்ட காற்று இன்னும் ஏறும், ஆள் மயங்குவார். பாட்டிக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. டியூட்டி டாக்டரை எழுப்பி, ரத்த வாயு பார்த்து, 2க்கு இறக்கி, தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்தோம். விடியும்போது பாட்டி காபி கேட்டார்.

மகனைக் கத்திவிட்டேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: 2021இல் அப்பாவுக்கு 86 காட்டியதாம், படுக்கை தேடி மூன்று ஆஸ்பத்திரி அலைந்தார்களாம். 94க்குக் கீழே போகக்கூடாது என்று அப்போது ஊரே சொன்னதே, இப்போது 90 போதும் என்றால் எதை நம்புவது என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

ஆக்ஸிஜன் அளவைத் திருகும் ஃப்ளோ மீட்டரில் பிளாஸ்டர் ஒட்டி எழுதினேன்: '2 லிட்டர். தொடாதிர்கள்.' 9ஆம் படுக்கை வாத்தியார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தொடாதீர்கள் என்று நெடில் வரவேண்டும் அம்மா. குறில் போட்டால் யார் மதிப்பார்கள்? அதனால்தான் திருகுகிறார்கள்" என்றார். ஒரே மூச்சில், நிறுத்தாமல். இதை ஏன் எழுதுகிறேன் என்று இப்போது தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 30

மழை. கால் வலி.

டிசம்பர் 1

காலை 9 மணி. தூக்கம் வரவில்லை.

இரவு 2 மணி ரவுண்டில் வாத்தியாருக்கு மூச்சு நிமிடத்துக்கு 20 என்று எழுதினேன். எண்ணவில்லை.

எல்லோருக்கும் 20தான் எழுதுகிறோம். காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எதை எடுத்தாலும் மூச்சு வரிசையில் 20, 20, 22, 20. நாடியைக் கருவி காட்டும், காய்ச்சலைக் கருவி காட்டும். மூச்சை மட்டும் மனிதர் நின்று ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். அதுவும் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் வேறு மாதிரி மூச்சு விடுவார்கள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டே போர்வை ஏறி இறங்குவதைப் பார்க்கவேண்டும். 38 பேருக்கு 38 நிமிடம். அந்த நேரத்தில் 22ஆம் படுக்கைக்காரர் கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கிவிட்டார், ரத்தம். இதெல்லாம் காரணம்தான். எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

5 மணிக்கு எண்ணினேன். 34. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். 34. விரலில் அப்போதும் 95, 4 லிட்டர் ஆக்ஸிஜனோடு. அந்த 95ஐப் பார்த்துத்தான் இரண்டு மணிக்கு நகர்ந்துபோனேன். பிரஷர் விழுவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று புள்ளி போடும்போது 65 வயதுக்கு ஒன்று, 30 மூச்சுக்கு ஒன்று. வாத்தியாருக்கு வயது 71. 20 என்று எழுதினால் ஒரு புள்ளி, வார்டிலேயே இருக்கலாம்.

இன்னொன்று. இரண்டு மணிக்கு அவர் விழித்துத்தான் இருந்தார். "தண்ணீர்... அம்மா... கொஞ்சம்" என்றார். கொடுத்தேன். நெடிலும் குறிலும் சொன்ன மனிதர் வார்த்தைக்கு வார்த்தை நின்றார். காதில் விழுந்தது. விழுந்தும் போனேன்.

6.10க்கு ஐ.சி.யூ. கொண்டுபோனார்கள். மகள் பின்னாலேயே பிளாஸ்டிக் கூடையோடு ஓடினாள். லாக்கரில் பல் செட் விட்டுப்போயிற்று. இரவில் நான்தான் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவைத்தேன். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் அந்த அழுக்கும் நெஞ்சுக்குள் இறங்கும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

டிசம்பர் 2

சார்ட்டைத் திருத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூடாது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "யார் எண்ணுகிறார்கள், விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஐ.சி.யூ.வில் வாத்தியாருக்கு மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்களாம்.

டிசம்பர் 3

கார்த்திகை தீபம். தம்பிக்குக் காசநோய் உறுதியாகி வேறு வார்டுக்குப் போய்விட்டான். போகும்போது கவசத்துக்குள்ளிருந்து "டாட்டா சிஸ்டர்" என்றான். எங்கள் எல்லோரையும் பரிசோதிக்கவேண்டும், பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

கோயிலில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பனையோலைப் புகை அப்படியே வார்டுக்குள் வந்தது. பாட்டிக்கு வீசிங் ஆரம்பித்தது. ஒரு வாரமாக ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டவள் ஓடி ஓடிச் சாத்தினேன். பாட்டியின் மகன் சிரித்தார். நெபுலைசரை ஆக்ஸிஜனில் ஓட்டாமல் சாதாரணக் காற்றில் ஓட்டியபோது ஏன் என்று அவரே கேட்டார். இந்த முறை சொல்ல வந்தது. விரலில் 89. அவர் கை ஃப்ளோ மீட்டர் பக்கம் போய், பிளாஸ்டரைப் பார்த்துத் திரும்பியது.

பிளாஸ்டரை இன்னும் மாற்றவில்லை. குறில்தான்.

டிசம்பர் 4

38 பேர். 38 நிமிடம். பிடிக்காத முகத்தோடு கூட இருந்த சிஸ்டர் வேறு வேலை பார்த்தாள். 18, 24, 16, 28, 22... ஒரே ஒரு 20 வந்தது. அதை எழுதக் கை கூசியது.

டிசம்பர் 5

ஐ.சி.யூ. வாசல் வரை போய்த் திரும்பினேன்.

டிசம்பர் 6

லாக்கரைப் புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல் செட் என் மேசை டிராயரில், மூடிபோட்ட டப்பாவில். தினம் தண்ணீர் மாற்றுகிறேன்.

டிசம்பர் 8

மாலை டியூட்டி. பாட்டி டிஸ்சார்ஜ். கேஸ் அடுப்பு வாங்கிவிட்டார்களாம், ஆனால் வெந்நீர் மட்டும் விறகில்தான் என்கிறார். மகன் தலையில் அடித்துக்கொண்டார்.

7 மணி இருக்கும். ஐ.சி.யூ. ஆயாம்மா படியிறங்கி வந்து, "9ஆம் படுக்கைக்காரருடைய பல் செட் இங்கே இருக்கிறதாமே, கேட்டார்கள்" என்றார். யார் கேட்டார்கள், எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழாயடியில் நன்றாகக் கழுவி, துடைத்து, கையில் கொடுத்தேன்.