மக்காச்சோளக் கணக்கு

ஆராதனை முடிந்து கோட்டை மாட்டும்போது பொருளாளர் அண்ணன் ஒரு தாளை நீட்டினார்.

இங்கே டொரோண்டோவில் ரோல்ஸ் பலகாரம் விற்று, நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கிறிஸ்தவப் பள்ளிக்கு மாதாமாதம் அனுப்புகிறோமே, அதன் செலவுக் கணக்கு.

சாக்பீஸ். நோட்டுகள். ஒரு டீச்சரின் சம்பளப் பாக்கி.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை எதற்குத் தெரியுமா? மக்காச்சோளத்துக்கும் ராஜ்மா போன்ற பயறுக்கும். இரண்டையும் சேர்த்து வேகவைத்தால் கித்தேரி. அதுதான் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு.

"படிப்புக்குத்தானே தந்தோம்?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

2003-இல் கென்ய அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. ஆனால் கிபேராவில் பிள்ளைகள் அதிகம், அரசுப் பள்ளிகள் குறைவு. அப்புறம் சீருடைச் செலவு வேறு. அதனால் சபைகளும் ஊர்க்காரர்களும் தகரக் கூரையின் கீழ் நடத்தும் பள்ளிகளுக்குத்தான் நிறையப் பிள்ளைகள் போகிறார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அங்கே ஒரு தட்டு உண்டு.

தாளின் பின்பக்கம் ஒரு பிள்ளை பென்சிலால் படம் வரைந்திருந்தது. கரும்பலகை சின்னது. அண்டா, அதைவிட மூன்று மடங்கு பெரியது.

கேள்வி கேட்டவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மாதம் இருநூறு ரோல்ஸ் போடலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். மரக்கறி ரோல்ஸும் வேண்டுமாம், சரி.