சேர்ந்து போட்ட கணக்கு

ஜூலை 3
எட்டாம் வகுப்பை நான்கு நான்கு பேராக உட்கார வைத்தேன். சதுரங்கப் பலகையின் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால் மீதி 62. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த 2 கட்டங்களை மூடும் அட்டைகள் 31 இருக்கின்றன. பலகை முழுவதையும் மூட முடியுமா? "62-ஐ 2-ஆல வகுத்தா 31. முடியும் சார்!" என்று உடனே குரல் வந்தது. சரி, மூடிக் காட்டுங்கள் என்றேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 4
கடைசி பெஞ்சில், வகுப்பில் வாயே திறக்காத பெண் மெதுவாகச் சொன்னாள்: "மிஞ்சுற ரெண்டு கட்டமும் எப்பவும் கருப்பாவே இருக்கே." பக்கத்துப் பையன் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். "எங்க வெச்சாலும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளைதான் மூடுது." மூன்றாமவள் எண்ணினாள். கருப்பு 32, வெள்ளை 30. வெட்டிய மூலைகள் இரண்டுமே வெள்ளை! "அப்போ முடியவே முடியாது!" என்று நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி கண்டதற்கு இன்னொருவன் காரணம் சொன்னான். இதற்காகத்தான் நான் குழுவாக உட்கார வைப்பதே.

ஜூலை 8
குழு என்றாலே ஒருவன் போடுவான், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள் என்றார் சக ஆசிரியர். சுலபமான கணக்கு கொடுத்தால் அப்படித்தான் ஆகும். கணக்கு ஆளை மடக்க வேண்டும். அப்புறம், எடுத்தவுடன் பேச விடக்கூடாது. முதலில் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு இருவராக, அதன்பின் வகுப்போடு. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த முறை இது. விடை கண்டவரை விட்டுவிட்டு, குழுவில் வேறொருவரை விளக்கச் சொல்கிறேன். அதனால் எல்லோரும் காது கொடுக்கிறார்கள்.

ஜூலை 11
கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மேன் 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கவனித்ததை அந்தச் சக ஆசிரியரிடம் சொன்னேன். நுண்கணிதத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் கூடிப் படித்தார்கள். ட்ரைஸ்மேன் அடிப்படைப் பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். மதிப்பெண்கள் உயர்ந்தன. பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சுலபமானதையே கொடுப்பது அவர்களை அவமதிப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாலையில் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் வந்து கேட்டாள்: "ஒரு கருப்பு, ஒரு வெள்ளைன்னு வெட்டினா சார்? எந்தக் கட்டத்த வெட்டினாலும் மூடிடலாமா?" மூடலாம், கணிதவியலாளர் ரால்ஃப் கோமரி அழகாக நிரூபித்திருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுப் பீரியடும் அவள் கேள்விக்குத்தான்.