ஸ்டெஃபனி பிளம்: சலிப்பு எங்கிருந்து வருகிறது?

ஜேனட் இவானோவிச்சின் ஸ்டெஃபனி பிளம் நகைச்சுவைத் துப்பறியும் நாவல்கள் 1994இல் தொடங்கி முப்பதைத் தாண்டிவிட்டன. நியூ ஜெர்சி ட்ரென்டன் நகரம். ஜாமீன் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வராமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடித்து வரும் ஸ்டெஃபனி. சாவு வீடுகளுக்கு ஆசை ஆசையாகப் போகும் பாட்டி. பத்துப் பன்னிரண்டு புத்தகம் ஆனதும் பலர் கழன்றுகொள்கிறார்கள். அதே ஜோக், அதே எரியும் கார் என்பதுதான் புகார். அது பாதிதான் சரி. கார் முதல் புத்தகத்திலேயே வெடித்தது, யாரும் குறை சொல்லவில்லை.

அப்போது அவளிடம் காசில்லை. வேலை போய், வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் சாப்பாடு. தவணை கட்டாததால் காரும் பறிபோகிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டுத் தலைமறைவான போலீஸ்காரன் மொரெல்லியின் ஜாமீன் ஒரு லட்சம் டாலர். பிடித்துக் கொடுத்தால் பத்து சதவீதம், 10,000. அவள் சொதப்பும்போதெல்லாம் இந்தக் கணக்கு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே ரமிரெஸ் என்ற குத்துச்சண்டைக்காரன். லூலா என்ற பாலியல் தொழிலாளியைச் சிதைத்து, ஸ்டெஃபனியின் ஜன்னலுக்கு வெளியே தீயணைப்புப் படிக்கட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறான். அந்தப் பயம் இருந்ததால்தான் பாட்டி சாப்பாட்டு மேசையில் கோழியைச் சுட்டபோது வாய்விட்டுச் சிரிக்க முடிந்தது.

பிற்பாடு கார் எரிந்தால் அதே தொழிலில் இருக்கும் ரேஞ்சர் வேறொன்றைத் தந்துவிடுகிறான். நஷ்டமே இல்லாத விபத்தில் என்ன சிரிப்பு? அவள் காதல் மொரெல்லியோடா, ரேஞ்சரோடா என்ற கேள்வியும் இப்படித்தான் நீர்த்தது. 1999இல் வந்த ஐந்தாவது நாவல், அவள் வாசலில் வந்து நிற்பது இருவரில் யார் என்று சொல்லாமலே முடியும். பதிலுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது யார் வந்தாலும் ஒன்றுதான், அடுத்த புத்தகத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பதினொன்றில் அவள் வேலையையே விடுகிறாள். தொடர் திசை மாற அருமையான இடம் அது, ஆனால் பழைய தொழிலுக்கே திரும்பிவிடுகிறாள். இன்னொரு வேடிக்கை: 2017 ஜனவரி முதல் நியூ ஜெர்சியில் பணம் கட்டி வெளியே வரும் ஜாமீன் அநேகமாக ஒழிந்தேவிட்டது. ஸ்டெஃபனிக்கு வேலை தரும் உறவினன் வின்னியின் ஜாமீன் கடை மட்டும் ஜாம் ஜாமென்று நடக்கிறது! நிஜமாகவே பிழைப்புக்கு வந்த ஆபத்து, அதைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஆறை வரிசையாகப் படிக்கலாம். ஐந்தை முடிக்கும்போது ஆறு கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு வேகம் வேண்டாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில மாதம் விட்டால் பாட்டியின் சேட்டை மறுபடி புதிதாகத் தெரியும். அடுத்தடுத்து படிக்கும்போதுதான் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது தெரிகிறது. எண் இல்லாமல் இடையில் வந்த நான்கு புத்தகங்களைத் தாண்டிவிடலாம், டீசல் என்ற அமானுஷ்ய ஆசாமி நுழைந்து துப்பறிதலைக் குழப்புகிறான்.

நிறுத்துவதென்றால் பன்னிரண்டில். ரேஞ்சரின் பெயரில் உலவும் ஒருவன் நிஜ ரேஞ்சரின் மகளைக் கடத்துகிறான். ஸ்டெஃபனிக்கும் நமக்கும் வெகு நாளைக்குப் பிறகு வயிற்றைக் கலக்குகிறது.