வீவி நாட்குறிப்பு: ஓஹியோ ஆற்றங்கரையில் ஒரு சுவிஸ் ஊர்

மார்ச் 15, 2025, சனி

சாமான்கள் எல்லாம் இறக்கியாயிற்று. வேலை மாற்றம் கிடைத்தபோது நண்பர்கள், "அந்த ஊர் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். சின்சினாட்டியிலிருந்து ஓஹியோ ஆற்றோடு கீழே வர வேண்டும். இந்தியானா மாநிலத்தின் தென்கிழக்கு மூலை, ஸ்விட்சர்லாந்து கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அதன் தலைமை ஊர் வீவி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,700க்குச் சற்று மேல். ரயில் பாதை ஒருநாளும் எட்டாத ஊர். எதிர்க்கரை கென்டக்கி மாநிலம்; அங்கே கென்ட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என் சமையலறை ஜன்னலிலேயே தெரிகின்றன.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் வெவே நகரத்தின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஊரின் அடையாளம் திராட்சையும் ஒயினும். ஆண்டுதோறும் கோடை முடியும்போது ஒயின் திருவிழா, தொட்டியில் திராட்சையை மிதிக்கும் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் நட்ட கொடிகளில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. இங்கே இருக்கும் வரை அந்தக் கதையைத் தேடிப் படித்து எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த ஊரை உண்டாக்கிய சுவிஸ் கூட்டத்தின் தலைவர் ஜான் ஜேம்ஸ் டுஃபோர். பிறப்பு 1763, சுவிட்சர்லாந்தின் வோ மாகாணம், பிரெஞ்சு பேசும் திராட்சை விவசாயக் குடும்பம். இடது கை ஊனம். அமெரிக்க சுதந்திரப் போரில் சண்டையிடப் போன பிரெஞ்சு அதிகாரிகள், அங்கே எல்லாம் கிடைக்கிறது, ஒயின் மட்டும் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டதைப் பதினான்கு வயதில் செய்தித்தாளில் படித்தாராம். வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். திராட்சை விளையும் ஐரோப்பிய நாடுகளின் அதே அட்சரேகையில்தான் அமெரிக்காவும் இருந்தது. பிறகென்ன, அங்கே ஏன் விளையாது?

1796ல் கப்பலேறினார். வந்தவுடன் நிலம் வாங்கிவிடவில்லை. எங்கெல்லாம் திராட்சைத் தோட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டாரோ அங்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்தார். பென்சில்வேனியாவில் பார்த்தார். இல்லினாயின் கஸ்காஸ்கியாவில் ஜெசூட் பாதிரிமார்கள் தோட்டம் போட்டிருந்தார்கள் என்று கேட்டு அவ்வளவு தூரமும் போனார். அங்கே தோட்டம் இருந்த இடம்தான் இருந்தது. ஒரு மனிதன் ஆசையோடு அலைந்தாலும் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன் என்று இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம் கென்டக்கியில், லெக்சிங்டனுக்குப் பக்கத்தில், கென்டக்கி ஆற்றின் வளைவில் முதல் தோட்டம். பங்கு ஒன்று 50 டாலர் என்று 200 பங்குகள் போட்டு ஒரு சங்கமே அமைத்தார்கள். பின்னாளில் பெரிய அரசியல்வாதியான, அப்போது இளம் வக்கீலாக இருந்த ஹென்றி கிளேயும் அதில் சேர்ந்தார். 1799ல் நட்டார்கள். 1801ல் தம்பி தங்கைகளும் அயலாருமாக 17 பேர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே கொடிகள் நோயில் விழுந்தன.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாலு நாளாக மழை விட்டபாடில்லை. ஆறு நிறம் மாறிப் பழுப்பாக, மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு ஓடுகிறது. மாலையில் கரைக்குப் போனேன். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். பிறந்தது முதல் இங்கேதான். ஆற்றைப் பார்த்ததும் அவர் பேசியது 1937 பற்றி. அவர் பிறப்பதற்கு முந்தைய வெள்ளம் அது, இருந்தாலும் தன் கண்ணால் பார்த்தது போலத்தான் சொன்னார். அந்த ஜனவரியில் சின்சினாட்டியில் ஆறு கிட்டத்தட்ட 80 அடிக்கு ஏறியது. அங்கே வெள்ள அபாய அளவே 52 அடிதான். அவருடைய அம்மா ஜன்னல் வழியாகப் படகில் ஏறினாராம், தையல் மெஷினை மட்டும் மாடியில் ஏற்றிவிட்டு. வெள்ளம் வடிந்த பிறகு வண்டலைச் சுரண்டி எடுக்க வசந்தம் முழுக்க ஆனது என்றார்.

"இந்த ஊரில் ஒயினைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் ஆற்றைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்" என்றார் அந்த அம்மா. கென்டக்கிக் கரைக்கு ஃபெர்ரி ஓடிய காலத்தை அவர் சொல்லும்போது முகம் மாறிவிடுகிறது. 1970களின் கடைசியில் மார்க்லண்ட் அணைக்கட்டின் மேல் பாலம் வந்தது. அத்தோடு அக்கரை போவது கார் சவாரியாகிவிட்டது.

ஏப்ரல் 19, சனி

தண்ணீர் இறங்கிவிட்டது. கவுண்டி வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய பிரெஸ்பிடீரியன் தேவாலயக் கட்டடம். உள்ளே என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு பியானோ. லண்டன் முட்சியோ கிளெமென்டி பட்டறையில் செய்தது, 1817ல் ஒரு ஆங்கிலக் குடும்பம் கடல் கடந்து, மலை கடந்து, படகில் ஏற்றி இங்கே கொண்டு வந்தது.

அந்த வீட்டுப் பெண் மேரி ரைட். இங்கிலாந்தில் நிச்சயித்த மாப்பிள்ளை பின்னால் வருவதாகச் சொன்னவர் வரவேயில்லை என்றும், மேரி தன் பழைய பட்டு உடையை உடுத்தி அக்கம்பக்கத்தாரை அழைத்து வாரந்தோறும் வாசித்துக் காட்டுவார் என்றும், வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் மாடிக்குப் போய்விடுவார் என்றும், பல பத்தாண்டுகள் அப்படியே நடந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். கதை வாய்வழி வந்தது. பியானோ கண்முன்னே நிற்கிறது. கட்டைகள் இப்போதைய பியானோவில் இருப்பதைவிடக் குறுகல். பெட்டி, கால்கள் எல்லாம் மெலிந்து, மேஜை போலத்தான் இருக்கிறது. 1817ல் இந்த ஊருக்குத் தெரு போட்டே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் காடு.

மே 4, ஞாயிறு

இன்று முழுக்க டுஃபோரின் புத்தகம். 1826ல் சின்சினாட்டியில் அச்சானது, 'அமெரிக்கத் திராட்சைத் தோட்டக்காரரின் கையேடு'. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

கென்டக்கித் தோட்டத்துக்காக அவர் பலவகை ஐரோப்பியக் கொடிகளைக் காசு கொடுத்து வாங்கி நட்டார். இரண்டு ரகங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. அதில் முக்கியமானது கேப் திராட்சை. பியேர் லெகோ என்ற பென்சில்வேனியாக்காரர், அது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று சொல்லி விற்றார். உண்மையில் அது அமெரிக்கக் காட்டுக் கொடியும் ஐரோப்பியக் கொடியும் தாமாகக் கலந்து பிறந்த ரகம். பென்சில்வேனியாவை ஆண்ட பென் குடும்பத்தின் தோட்டக்காரர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் அதைக் கண்டெடுத்ததால் அதன் பெயரும் அலெக்சாண்டர். டுஃபோர் காலத்திலேயே பலர் இது உள்நாட்டுக் கொடி என்று வாதிட்டார்கள். அவர் கடைசிவரை ஏற்கவில்லை. தன் ஊர்க் கொடிகள் எல்லாம் செத்த மண்ணில் பிழைத்தது ஒரு அரைக்காட்டுக் கொடி என்று ஒத்துக்கொள்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

நம் ஊர்ப் பழக்கடைகளில் விற்கும் பெங்களூரு நீலத் திராட்சை இதே வட அமெரிக்க வம்சம்தான். அந்தத் தடித்த தோல், வழுக்கும் சதை, மூக்கில் ஏறும் வாசனை. அதில் ஒயின் செய்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் இங்கே 200 ஆண்டுகளுக்கு முன் பீப்பாய்களில் நிரம்பியது.

இந்தக் கொடியை நம்பித்தான் ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்கு வந்தார்கள். 1802 மே 1ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் டுஃபோருக்காகவே தனிச் சட்டம் போட்டது: நாலு செக்‌ஷன் நிலம் (அதாவது நாலு சதுர மைல்), ஏக்கர் 2 டாலர், பணத்தை 1814 ஜனவரிக்குள் கட்டினால் போதும். மற்றக் குடியேறிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஜனாதிபதி ஜெஃபர்சன் ஒயின் பிரியர், தன் தோட்டத்தில் ஐரோப்பியக் கொடி நட்டுத் தோற்றவர். 1805ல் டுஃபோரின் தம்பி கென்டக்கி ஒயின் இரண்டு சிறு பீப்பாய்களைக் குதிரையில் கட்டிக்கொண்டு வாஷிங்டன் வரை போய் அவரிடம் சேர்த்தார்.

மோரரோ, பெட்டன்ஸ், சீபெந்தால், கோலே என்று குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1810ல் சுமார் 2,400 கேலன் ஒயின். 1813ல் ஊருக்கு மனை பிரித்தார்கள், 1814ல் கவுண்டி உருவானது. இது எல்லாம் நடக்கும்போது டுஃபோர் இங்கே இல்லை. குடும்பச் சொத்தைத் தீர்க்க 1806ல் ஐரோப்பா போனவர் நெப்போலியன் போர்களில் மாட்டி, திரும்ப ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. அவர் கனவு கண்ட ஊரை அவருடைய தம்பிகளும் தங்கைகளும்தான் கட்டினார்கள். கொடி கட்டியது, கவாத்து செய்தது, பீப்பாய் தூக்கியது அவர்கள்.

மே 17, சனி

ஷென்க் மாளிகை வரை நடந்துவிட்டு வந்தேன். ஊருக்கு மேலே மேட்டில் நிற்கிறது, 1874ல் கட்டியது, 35 அறைகள். இதைக் கட்டிய பணம் ஒயினில் வந்தது இல்லை, காய்ந்த புல்லில் வந்தது. யுலிசிஸ் ஷென்க் சுவிட்சர்லாந்தில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர்; மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனமாகும் உலர்ந்த புல்லைக் கட்டுக்கட்டாகப் படகில் ஏற்றி ஓஹியோ, மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார். புல் ராஜா என்றே ஊரில் பெயர். மாளிகை அவர் மகன் கட்டியது.

திராட்சை போன இடத்தில் புல், சோளம், உருளைக்கிழங்கு வந்தன. சுவிஸ் பெண்கள் வைக்கோல் தொப்பி பின்னி விற்றார்கள். ஒயின் புளிப்பாக இருந்தது, நல்ல ஒயின் வெளியிலிருந்து வந்தது, கொடியில் கறுப்பு அழுகல் நோய் பரவியது. பிள்ளைகள் வேறு பயிருக்கு மாறிவிட்டார்கள். வருமானம் வரும் பயிரைத்தான் நட வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1830கள் முடிவதற்குள் தோட்டங்கள் ஏறக்குறைய போய்விட்டன.

ஜூன் 8, ஞாயிறு

ஊரைத் தாண்டி ஓடைக்கரையில் காட்டுத் திராட்சை பூத்திருக்கிறது. பூ என்றால் இதழே கண்ணுக்குத் தெரியாது, பச்சை நிறத்தில் கடுகளவு மொட்டுகள் கொத்தாக. அருகில் போனால் மட்டும் ஒரு இனிப்பு வாசனை. கொடி மணிக்கட்டு கனத்துக்கு, மரத்தின் உச்சி வரை ஏறியிருக்கிறது. இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஃபைலாக்சரா என்ற பூச்சி செய்தது.

இந்தப் பூச்சிதான் டுஃபோரின் கொடிகளுக்கு எமன்களில் ஒன்று. அமெரிக்கக் கொடி அதோடு சேர்ந்தே வளர்ந்தது, வேரில் கடித்தாலும் தாங்கும். ஐரோப்பியக் கொடி தாங்காது. டுஃபோர் காலத்தில் இது யாருக்குமே தெரியாது. நோயைப் பார்த்தார்கள், குளிரைப் பார்த்தார்கள், மண்ணுக்கு அடியில் நடந்ததைப் பார்க்கவில்லை. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு அது கப்பலேறி பிரான்ஸுக்குப் போன பிறகுதான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1870களில் ஜெனீவா ஏரிப் பக்கமும் வந்துவிட்டது. கடைசியில் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களைக் காப்பாற்றினார்கள். டுஃபோர் பிறந்த ஏரிக்கரைச் சரிவிலும் இன்று திராட்சை நிற்பது பெரும்பாலும் அமெரிக்க வேரில்தான். அவர் ஆயுள் முழுக்கத் தேடிய விடை இந்த ஓடைக்கரை மாதிரி இடத்தில்தான் கிடந்திருக்கிறது. படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூன் 21, சனி

கிழக்கே உள்கிராமப் பக்கம் காய்கறி வாங்கப் போனேன். எதிரே மேல்மூடி இல்லாத குதிரை வண்டி. ஆமிஷ் மக்கள், கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஒரு கிறிஸ்தவ சபையார். இவர்கள் சுவிஸ் ஆமிஷ், வீட்டில் பேசுவது சுவிஸ் ஜெர்மன் வழக்கு. டுஃபோர் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பிரெஞ்சு பேசிய வோ மாகாணத்தார், இவர்கள் வேறு வழி, வேறு சபை, பல தலைமுறைகள் கழித்து வந்தவர்கள். ஸ்விட்சர்லாந்து கவுண்டியில் இன்று சுவிஸ் பேச்சு கேட்கிறது என்றால் அது இவர்களால்தான். ஸ்ட்ராபெரி விற்ற பெரியவரிடம் டுஃபோரைத் தெரியுமா என்று கேட்டேன். "திருவிழாக்காரர்தானே?" என்றார்.

வரும் வழியில் அருங்காட்சியகத்தில் இறங்கி, அங்கே தன்னார்வலராக இருப்பவரிடம் என் யோசனையைச் சொன்னேன். திருவிழா நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்த ஊர் மறக்கக் கூடாதது அந்தப் புத்தகத்தை. பணம் போட்டவர்கள் ஏமாந்து, தோட்டம் செத்து, தன் குடும்பமே பயிரை மாற்றத் தொடங்கிய பிறகும், எந்தக் கொடி எங்கே எப்படிச் செத்தது என்று அடுத்து நடுகிறவனுக்காக எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர் அவர். தோற்ற கொடிகளைப் பற்றிய பக்கங்களைப் பெரிதாக அச்சிட்டு, அலெக்சாண்டர் கொடியின் கதையோடு சுவரில் மாட்டலாம், வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒட்டுக்கட்டும் விதத்தையும் காட்டலாம் என்றேன். அவர் இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டார். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசலாம், நீங்களும் வாருங்கள் என்றார். பக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இன்று இரவே ஆரம்பிக்கிறேன். கஸ்காஸ்கியாப் பயணம் கட்டாயம் வேண்டும்.